பந்தி நடந்ததா, இல்லையா?

(தலைப்பு: கடல் வரலாறு சொல்லும் முதல் பாடம் எதிரியின் படையை அழிப்பதே! வணிகப் பாதையைக் காப்பதே! – 'வணிகப் பாதையைக் காப்பதே' என்ற அணியின் வாதம்)

நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பீரங்கி முழக்கத்தோடு பேசிவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! அரங்கத்திலும், வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னாலும் உட்கார்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! 

எதிரணித் தலைவர் பேசி முடித்தபோது இந்த மேடையே கொஞ்சம் ஆடிச்சு ஐயா. டிரபால்கர் என்றார். சூஷிமா என்றார். ஜட்லாண்டு என்றார். அடுக்கடுக்காகக் கப்பல்களை மூழ்கடித்தார். நானும் எண்ணிக்கிட்டே வந்தேன். பத்து நிமிஷத்திலே நாற்பது கப்பலுக்குக் குறையாமல் கடலுக்கு அடியிலே போயாச்சு. ஆனா, ஒரே ஒரு கப்பலாவது ஒரு மூட்டை அரிசியைக் கரை சேர்த்ததாகச் சொன்னாரா? சொல்லவே இல்லை! (சிரிப்பு, கைதட்டல்)

அவர் மேல் குற்றமில்லை. அவர் படித்த வரலாற்றுப் புத்தகங்கள் அப்படி எழுதப்பட்டிருக்கின்றன. நான் சொல்ல வந்த செய்தியே அதுதான். கடல் வரலாறு எழுதியவர்கள் எதை முக்கியம் என்று எண்ணினார்களோ, கடற்படைகள் அதற்குத்தான் தயாரானார்கள். அவர்கள் சண்டையை எழுதினார்கள். இவர்கள் சண்டைக்குத் தயாரானார்கள். சரக்குக் கப்பலை அவர்கள் ஓரத்தில் எழுதினார்கள். இவர்கள் அதை ஓரத்திலேயே விட்டுவிட்டார்கள். அதனாலே ஒரு நாடு பட்டினியின் வாசல் வரைக்கும் போய்த் திரும்பியது. இன்னொரு நாடு உள்ளேயே போய் விழுந்தது.

முதலில் ஒரு கணக்கைப் போடுவோம். 1794ஆம் வருஷம். பிரெஞ்சுப் புரட்சி நடந்து ஐந்து ஆண்டு. பிரான்சிலே விளைச்சல் மோசம். ரொட்டிக்கு ஜனங்கள் அலைகிறார்கள். அமெரிக்காவிலிருந்து தானியம் வாங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்களில் ஏற்றி, அட்லாண்டிக் கடலைத் தாண்டிக் கொண்டுவருகிறார்கள். அதைப் பிடிக்க பிரிட்டிஷ் கடற்படை புறப்படுகிறது. தலைவர் ஹௌ பிரபு. அவரைத் தடுக்க பிரெஞ்சுக் கடற்படை வருகிறது. தலைவர் வில்லாரே ஜொயூஸ். ஜூன் 1ஆம் தேதி நடுக்கடலில் இரண்டு படையும் மோதின. பிரெஞ்சுக்காரன் ஏழு பெரிய போர்க்கப்பல்களை இழந்தான். ஆறு பிடிபட்டன, ஒன்று மூழ்கியது. பிரிட்டன் ஒன்றைக்கூட இழக்கவில்லை. ராஜாவே துறைமுகத்துக்கு வந்து ஹௌ பிரபுவுக்கு வைரம் பதித்த வாள் கொடுத்தார். இன்றைக்கும் ஆங்கிலேயர்கள் அந்த நாளைப் 'புகழ்மிக்க ஜூன் முதல் நாள்' என்றுதான் சொல்கிறார்கள்.

சரி, தானியக் கப்பல்கள் என்ன ஆச்சு? இங்கே இவங்க அடிச்சுக்கிட்டு இருந்தப்போ, அந்த நூற்றுச் சொச்சம் கப்பலும் சில நாள் கழித்து பிரெஸ்ட் துறைமுகத்துக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தன!

நம்ம ஊர்க் கல்யாணத்தை நினைச்சுப் பாருங்க. பந்தல் வாசலிலே மாப்பிள்ளை வீட்டுக்காரருக்கும் பெண் வீட்டுக்காரருக்கும் சண்டை. ஒரு தரப்பில் ஏழு பேருக்கு வேட்டி கிழிஞ்சு போச்சு. இன்னொரு தரப்பு மீசையை முறுக்குது. அந்த நேரம் பார்த்து, பின்வாசல் வழியா மளிகைச் சாமான் வண்டி சமையற்கட்டுக்குப் போய்ச் சேர்ந்தாச்சு. மத்தியானம் இலை போட்டாச்சு. நான் கேட்கிறேன் நடுவர் அவர்களே, கிழிந்த வேட்டியை எண்ணுவதா கணக்கு? பந்தி நடந்ததா இல்லையா என்பதுதானே கணக்கு! (பலத்த கைதட்டல்)

ஹௌ பிரபு போனது எதற்கு? தானியத்தைப் பிடிக்க. பிடிக்கவில்லை. வில்லாரே வந்தது எதற்கு? தானியத்தைக் காப்பாற்ற. காப்பாற்றினார். ஆனால் பல புத்தகங்களில் பெரிய எழுத்தில் இருப்பது ஹௌவின் வெற்றி. தானியம் வந்து சேர்ந்தது நாலு வரிக்குள் முடிந்து போகிறது.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு மறைநூல் போல அமைந்த புத்தகம் ஒன்று உண்டு. அமெரிக்கக் கடற்படையிலே மஹான் என்று ஒரு கேப்டன். நியூபோர்ட் ஊரில் உள்ள கடற்படைப் போர்க் கல்லூரியில் பாடம் எடுத்தவர். 1890இல் கடல் வல்லமை வரலாற்றை எப்படி மாற்றியது என்று ஒரு புத்தகம் போட்டார். உலகமே தூக்கி வைத்துக் கொண்டாடியது. ஜெர்மன் சக்கரவர்த்தி கைசர் வில்ஹெல்ம், அதை மனப்பாடம் செய்யப் பார்க்கிறேன் என்று நண்பருக்குச் செய்தி அனுப்பினார். 1896இல் ஜப்பானிய மொழியில் வந்தது. கடற்படை அதிகாரிகளுக்குப் பாடமாச்சு.

மஹான் மேல் பழி போட நான் வரவில்லை. வணிகம்தான் கடல் வல்லமையின் வேர் என்று அவரும் எழுதினார். ஆனால் அவர் அழுத்திச் சொன்னது, எதிரியின் பெரிய படையைத் தேடிப் போய் அடி, கடல் உன் கையில் வந்துவிடும் என்பதை. சில்லறையாக வணிகக் கப்பல்களைப் பிடிப்பதால் மட்டும் ஒரு பெரிய நாட்டை வீழ்த்த முடியாது என்றார். படித்தவர்கள் என்ன செய்தார்கள்? வணிகம் என்ற பாதியை விட்டுவிட்டு, சண்டை என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பரீட்சைக்கு முக்கியக் கேள்வி மட்டும் படிக்கிற பையன் மாதிரி!

அந்தப் பரீட்சை 1914இல் வந்தது. முதல் கேள்வியே நம்ம சென்னைத் துறைமுகத்தில்தான் கேட்கப்பட்டது.

ஒருத்தன் கெட்டிக்காரன், கொஞ்சம் பயப்பட வேண்டிய ஆள் என்றால் நாம என்ன சொல்றோம்? 'அவன் சரியான எம்டன்'ங்கிறோம். அந்த எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைக் கடற்கரைக்கு வந்து, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் மேலே நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது. எண்ணெய் எரிகிற வெளிச்சத்தைப் பார்த்து, ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தார்கள். ஒரே ஒரு கப்பல்! அதன் தலைவர் கார்ல் ஃபான் முல்லர். சில வாரங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களைப் பிடித்தார். வங்காள விரிகுடாவில் சரக்குக் கப்பல்கள் துறைமுகத்தை விட்டு நகரவே அஞ்சின. கப்பல் இன்ஷூரன்ஸ் கட்டணம் ஏறியது.

பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா, ஜப்பான் எல்லாரும் போர்க்கப்பல்களை அனுப்பித் தேடினார்கள். கிடைத்ததா? இல்லை. எப்படிப் பிடிபட்டது தெரியுமா? இதைத்தான் எதிரணி நண்பர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு முப்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் ஒரே கூட்டமாக இந்துமாக் கடலில் வருகின்றன. கூடவே சில போர்க்கப்பல்கள் காவல். நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவில் உள்ள தந்தி நிலையத்தை உடைக்க எம்டன் வந்தது. தீவுக்காரர்கள் செய்தி அனுப்பிவிட்டார்கள். பக்கத்தில் போய்க்கொண்டிருந்த காவல் கப்பல்களில் ஒன்றான 'சிட்னி' திரும்பி வந்து எம்டனை அடித்து முடித்தது. தேடிப் போனவன் கண்ணில் படாதவன், காவலுக்குப் போனவன் கையிலே சிக்கினான்! (கைதட்டல்)

பாடம் கண்ணெதிரே கிடக்கிறது. கடல் பெரிசு. அதிலே எதிரியைத் தேடி அலையாதே. அவன் எதைத் தேடி வருகிறானோ அதன் பக்கத்திலே நில். அவனே வருவான். ஆனால் இந்தப் பாடத்தை அடுத்த இரண்டரை வருஷத்துக்கு யாரும் படிக்கவில்லை.

1917 பிப்ரவரி 1. எச்சரிக்கை இல்லாமல் எந்தக் கப்பலையும் மூழ்கடிப்போம் என்று ஜெர்மனி நீர்மூழ்கிகளை அவிழ்த்துவிட்டது. ஏப்ரல் மாசம் ஒன்றில் மட்டும் நேச நாடுகளும் நடுநிலை நாடுகளும் இழந்த கப்பல்கள் 8 லட்சம் டன்னுக்கு மேலே. பிரிட்டனை விட்டுப் புறப்பட்ட நீண்ட தூரக் கப்பல்களில் நாலுக்கு ஒன்று திரும்பவில்லை. அந்த மாசம் அமெரிக்க அட்மிரல் சிம்ஸ் லண்டனுக்கு வருகிறார். பிரிட்டிஷ் கடற்படைத் தலைவர் ஜெல்லிகோ அவரிடம் கணக்கைக் காட்டுகிறார். இப்படியே போனால் ஜெர்மனிதான் ஜெயிக்கும் என்கிறார். உலகத்திலேயே பெரிய கடற்படை அவர் கையில்! பெரிய பெரிய போர்க்கப்பல்கள் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஸ்காபா ஃப்ளோவில் நிற்கின்றன. ஊருக்குச் சோறு வரும் வழி அடைபடுகிறது.

இதற்கு மருந்து இல்லையா? இருந்தது. கான்வாய். வணிகக் கப்பல்களைக் கூட்டமாகச் சேர்த்து, காவல் போட்டு அனுப்புவது. புதுசா? இல்லை. நெப்போலியன் காலத்தில் 1798இல் பிரிட்டன் சட்டமே போட்டது, வெளிநாட்டுக்குப் போகிற வணிகக் கப்பல் காவலோடுதான் போக வேண்டும் என்று. எதிரணித் தலைவர் மூச்சுக்கு மூச்சு நெல்சன் என்றாரே, அந்த நெல்சனே 1781இல் 'அல்பமார்ல்' கப்பலில் பால்டிக் கடல் வணிகக் கப்பல்களுக்குக் காவல் போனவர்தான். சொன்னாரா? சொல்ல மாட்டார். ஏனென்றால் தூணுக்கு மேலே நெல்சன் நிற்பது டிரபால்கருக்காக. காவல் போனதற்கு யார் தூண் வைப்பார்கள்?

இந்தப் பழைய மருந்தை அட்மிரால்டி ஏன் எடுக்கவில்லை? நாலு காரணம் சொன்னார்கள். கூட்டமாகப் போனால் எதிரிக்குப் பெரிய இலக்கு. வணிகக் கப்பல் கேப்டன்களுக்கு வரிசையாகப் போகத் தெரியாது. துறைமுகத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நெரிசலாகும். கடைசியாக, இவ்வளவு கப்பல்களுக்குக் காவல் போட நம்மிடம் கப்பல் ஏது? வாரத்துக்கு 2,500 கப்பல் வருது, 2,500 கப்பல் போகுது!

அந்த 2,500 என்பது எங்கிருந்து வந்தது? அங்கேதான் வேடிக்கை. போக்குவரத்து நன்றாகவே நடக்கிறது என்று உலகத்துக்குக் காட்ட, துறைமுகத்துக்குள் வந்த சின்னக் கப்பல், பெரிய கப்பல், கரையோரமாகவே ஊர் விட்டு ஊர் போகிற கப்பல் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. எதிரியை ஏமாற்றப் போட்ட கணக்கை நம்பி, போட்டவனே ஏமாந்தான்! ரெஜினால்ட் ஹெண்டர்சன் என்று ஒரு நடுத்தர அதிகாரி. அவர் கப்பல் போக்குவரத்து அமைச்சகத்திடம் போய், உண்மையில் பெருங்கடலைத் தாண்டி வருகிற கப்பல் எத்தனை என்று விசாரித்தார். வாரத்துக்கு 120லிருந்து 140 வரைதான்! (அரங்கில் வியப்பொலி)

140 கப்பலுக்குக் காவல் போட முடியாதா? ஏப்ரல் 27இல் கான்வாய்க்கு ஒப்புதல் ஆச்சு. மே 10இல் ஜிப்ரால்டரிலிருந்து முதல் சோதனைக் கூட்டம் புறப்பட்டது. ஒரு கப்பலும் போகாமல் வந்து சேர்ந்தது. அதன் பிறகு கான்வாயில் வந்த கப்பல்களில் நூற்றுக்கு ஒன்றுகூட இழக்கவில்லை. பிற்பாடு பிரதமர் லாயிட் ஜார்ஜ், நான் நேரில் போய் மிரட்டித்தான் இது நடந்தது என்று நினைவுக் குறிப்பு எழுதினார். அவர் அட்மிரால்டிக்குப் போனது ஏப்ரல் 30. ஒப்புதல் ஆனது 27. கல்யாணம் முடிந்த பிறகு வந்து, நான்தான் தாலி எடுத்துக் கொடுத்தேன் என்கிற மாமா மாதிரி! (சிரிப்பு)

கூட்டமாகப் போனால் எதிரிக்கு வசதிதானே என்று எதிரணி அம்மா கேட்டாங்க. நியாயமான கேள்வி. ஒரு காட்டுப் பாதையை எடுத்துக்கோங்க. ஒரு திருடன் உட்கார்ந்திருக்கான். நாற்பது வண்டி ஒவ்வொன்றாகப் போனால் அவனுக்கு நாற்பது வாய்ப்பு. நாற்பதும் ஒன்றாகப் போனால்? வாய்ப்பு ஒன்றுதான். அவன் அசந்தா அதுவும் போச்சு. அசராமல் பாய்ந்தாலும் ஒரு வண்டியை, இரண்டு வண்டியைத்தான் தொட முடியும். அதற்குள் காவல்காரன் மேலே விழுந்துவிடுவான். கடலில் நாற்பது கப்பல் சேர்ந்து போனாலும், பரந்த சமுத்திரத்தில் அது ஒரு புள்ளிதான். கான்வாய் வந்த பிறகு நீர்மூழ்கிக்காரனுக்கு நாள் கணக்கில் வெறும் தண்ணீர்தான் தெரிந்தது. இரண்டாம் உலகப் போரில் பிளாக்கெட் என்ற இயற்பியல் விஞ்ஞானி – பின்னால் நோபல் பரிசு வாங்கியவர் – அவருடைய குழுவினர் கணக்குப் போட்டுச் சொன்னார்கள்: கூட்டம் பெரிதாக ஆக, ஆபத்து குறையும். கப்பல்களின் எண்ணிக்கை இரட்டிப்பானால் சுற்றளவு இரட்டிப்பாவதில்லை. அதே காவல் பெரிய கூட்டத்துக்கும் போதும்.

இவ்வளவு விலை கொடுத்துப் படித்த பாடத்தைப் போருக்குப் பிறகு வரலாற்றாசிரியர்களும் கடற்படையும் என்ன செய்தார்கள்? இருபது வருஷம் ஜட்லாண்டைப் பற்றிச் சண்டை போட்டார்கள்! 1916 மே 31இல் நடந்த கடற்போர். ஏறக்குறைய 250 கப்பல்கள் மோதின. பிரிட்டன் 14 கப்பல் இழந்தது, ஜெர்மனி 11. ஜெல்லிகோ செய்தது சரியா, பீட்டி செய்தது சரியா என்று இரண்டு கோஷ்டி. ஹார்ப்பர் என்ற அதிகாரியை அதிகாரபூர்வமாக எழுதச் சொன்னார்கள். எழுதினார். பீட்டி அப்போது கடற்படைத் தலைவர். எழுதியது அவருக்குப் பிடிக்கவில்லை. 1927 வரை வெளிவரவில்லை.

இன்னொருவர் ஜூலியன் கார்பெட். வக்கீலுக்குப் படித்தவர், நாவல் எழுதியவர். மாலுமியே இல்லை. 1911இல் கடல் போர்த்தந்திரத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கடலில் ஆதிக்கம் என்றால் என்ன? நிலம் மாதிரி கடலைப் பட்டா போட முடியாது. கடலில் இருப்பது பாதைதான். பாதை உன் கையில் இருந்தால் கடல் உன் கையில். சண்டை அதற்கு ஒரு வழி. சண்டையே முடிவல்ல என்றார். நேர்மையாகச் சொல்கிறேன், நீராவிக் காலத்தில் கான்வாய்க்குப் பெரிய தேவை இருக்காது என்று அவரும் நினைத்தார். ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்டவர் அவர்தான். முதல் உலகப் போரின் கடல் வரலாற்றை அரசாங்கத்துக்காக எழுதினார். மூன்றாம் பாகம், ஜட்லாண்டு வருகிற பாகம், அவர் இறந்த பிறகு 1923இல் வந்தது. முன்பக்கத்தில் அட்மிரால்டி ஒரு குறிப்புப் போட்டது. எதிரியைத் தேடிப் போய்ச் சண்டையிட்டு முடிக்க வேண்டியதன் முக்கியத்துவத்தை இந்த ஆசிரியர் குறைத்துச் சொல்கிறார், எங்களுக்கு அதில் உடன்பாடில்லை என்று! அவர்களே கேட்டு எழுதவைத்த புத்தகத்தில் அவர்களே போட்ட மறுப்பு!

கான்வாய்க் கணக்கை முழுசாக ஆராய்ந்து வாட்டர்ஸும் பார்லியும் எழுதிய ஆய்வு எப்போது முடிந்தது? 1957இல். அதுவும் கடற்படைக்குள்ளேயே ரகசியமாக இருந்தது. பொதுமக்கள் வாங்கிப் படிக்கிற மாதிரி வந்தது 1997இல். ஜட்லாண்டுக்கு அலமாரி அலமாரியாகப் புத்தகம். ஊருக்குச் சோறு போட்ட கான்வாய்க்கு நாற்பது வருஷம் பூட்டு!

புத்தகம் பூட்டிக் கிடந்தால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். 1942 ஜனவரியில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு வந்தன. கரையோர ஊர்களில் விளக்கு எரிகிறது. அந்த வெளிச்சத்தில் கப்பல்கள் தனித்தனியாகப் போகின்றன. ஒவ்வொன்றாக மூழ்கின. அமெரிக்கா கரையோரத்தில் கான்வாய் தொடங்கியது மே மாதம். அதற்குள் எத்தனை எண்ணெய்க் கப்பல், எத்தனை உயிர்! பக்கத்து வீட்டுக்காரன் 1917இல் கொடுத்த விலையை, இவன் 1942இல் மறுபடியும் கொடுத்தான்.

இப்போது ஜப்பானுக்கு வருகிறேன். 1905இல் சூஷிமாவில் அட்மிரல் டோகோ ரஷ்யக் கடற்படையை ஒரே போரில் முடித்தார். பெரிய வெற்றி, மறுக்கவில்லை. ஆனால் சில வெற்றிகள் தோல்வியைவிட ஆபத்தானவை. ஒரு சினிமா நூறு நாள் ஓடிச்சுன்னா, அதே கதையைத் திருப்பித் திருப்பி எடுக்கிற தயாரிப்பாளர் மாதிரி, நாற்பது வருஷம் ஜப்பான் இன்னொரு சூஷிமாவுக்காகக் காத்திருந்தது. யமாத்தோ என்று 46 சென்டிமீட்டர் பீரங்கிகளோடு உலகத்திலேயே பெரிய போர்க்கப்பலைக் கட்டினார்கள். நீர்மூழ்கிகளிடம், போர்க்கப்பலைத்தான் முதலில் அடி என்றார்கள்.

ஜப்பான் தீவு நாடு. எண்ணெய் வெளியிலிருந்து, இரும்புத் தாது வெளியிலிருந்து, அரிசியில் ஒரு பங்கு வெளியிலிருந்து. 1941இல் போர் தொடங்கியபோது அவர்களிடம் 60 லட்சம் டன் வணிகக் கப்பல்கள். அவற்றைக் காக்க ஒரு தனித் தலைமையகம் அமைத்தார்களே, எப்போது? 1943 நவம்பரில்! போர் தொடங்கி ஏறக்குறைய இரண்டு வருஷம் கழித்து! அமெரிக்கக் கடற்படையில் நீர்மூழ்கிக்காரர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. ஜப்பான் இழந்த வணிகக் கப்பல் டன்னில் பாதிக்கும் மேலே மூழ்கடித்தது அவர்கள்தான். 52 நீர்மூழ்கிகளையும் 3,500 பேர் அளவிலும் அவர்கள் பலி கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முடிவு என்ன? எண்ணெய் கிடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்பதற்காகக் கடற்படையில் ஒரு பகுதி சிங்கப்பூர் அருகே லிங்காவுக்குப் போக வேண்டியதாச்சு. ஊரில் இருந்த பகுதிக்கு எண்ணெய் இல்லை. விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கப் பெட்ரோல் இல்லை. எதிரணி நண்பர்களே, சரக்குக் கப்பல் போனது. அதனால் போர்க்கப்பலும் போனது! யமாத்தோ 1945 ஏப்ரல் 7இல் மூழ்கியது. அந்த வருஷம் ஜப்பானியத் தாய்மார்கள் பிள்ளைக்குக் கொடுக்க அரிசி இல்லாமல் நின்றார்கள். 46 சென்டிமீட்டர் பீரங்கியாலே அடுப்பு எரியுமா ஐயா?

நடுவர் அவர்களே, எதிரணி இனிமேல் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். பெரிய போர்க்கப்பல்கள் ஸ்காபா ஃப்ளோவில் நின்றதால்தானே ஜெர்மன் பெரிய கப்பல்கள் வெளியே வரவில்லை? அதனால்தானே சின்னக் காவல் கப்பல்கள் பிழைத்தன? ஒப்புக்கொள்கிறேன். முழுசாக ஒப்புக்கொள்கிறேன். கார்பெட்டும் அதைத்தான் சொன்னார். படை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. படை எதற்காக என்று கேட்கிறோம். வேலி வேண்டும். ஆனால் வேலியை மட்டும் அளந்து பார்த்து, உள்ளே பயிர் இருக்கிறதா என்று பார்க்காமல் போகிற விவசாயி உண்டா?

ராஜேந்திர சோழனைச் சொன்னார்கள். 1025இல் கடாரம் வரை படை போனது நமக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் படை போய்விட்டுத் திரும்பிவிட்டது. சுமத்ரா தீவில் பாருஸ் என்ற ஊரில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. வெட்டியது யார்? ராஜாவா? தளபதியா? ஐந்நூற்றுவர் என்கிற வணிகர் கூட்டம்! படை போன சுவடு மெய்க்கீர்த்தியில் இருக்கிறது. வணிகன் போன சுவடு அந்த மண்ணிலேயே இருக்கிறது. (கைதட்டல்)

இன்னும் ஒரே ஒரு செய்தி, முடித்துவிடுகிறேன். மணி மேலே கை வைத்துவிட்டீர்கள், பார்த்துவிட்டேன். (சிரிப்பு)

லண்டனில் டவர் ஹில் என்ற இடத்தில் ஒரு நினைவிடம் இருக்கிறது. இரண்டு உலகப் போர்களிலும் வணிகக் கப்பல்களிலும் மீன்பிடிப் படகுகளிலும் போய், கடலைத் தவிர வேறு கல்லறை இல்லாமல் போனவர்கள் பெயர். ஏறக்குறைய 36 ஆயிரம் பேர். சீருடை இல்லாதவர்கள். கரி அள்ளிப் போட்டவர்கள், சமையல் செய்தவர்கள், எண்ணெய் துடைத்தவர்கள். கப்பல் மூழ்கிய நாளோடு சம்பளமும் நின்றுவிடும் என்பதுதான் 1941 வரை பலருக்கும் இருந்த விதி. கடலில் மிதக்கிற நேரத்துக்குக் கூலி கிடையாது! பிரிட்டிஷ் கப்பல்களில் வேலை பார்த்த இந்திய மாலுமிகள் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். அவர்களுக்கு லஸ்கர் என்று பெயர். வெள்ளைக்கார மாலுமியைவிடக் கூலி குறைவு. வரலாற்றுப் புத்தகத்தில் இடமும் குறைவு. அட்மிரல் தன் மேஜையிலே எந்தப் பக்கம் கப்பலைத் திருப்பினார் என்று ஆயிரம் பக்கம் எழுதியவர்கள், அடுப்பறையில் கரி அள்ளியவனுக்கு அரைப் பக்கம் எழுதவில்லை.

இது பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2023 நவம்பரிலிருந்து செங்கடலில் வணிகக் கப்பல்கள் மேல் தாக்குதல் தொடங்கியபோது, கம்பெனிகள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு கப்பலை அனுப்பின. பத்து நாள் அளவுக்குக் கூடுதல் பயணம். வாடகை ஏறியது. யாருடைய பெரிய கடற்படையும் அங்கே மூழ்கவில்லை. பாதை மட்டும் கெட்டது. அந்தப் பாதையில் போகிற கப்பல்களில் வேலை பார்ப்பது யார்? நம்ம பிள்ளைகளும்தான். நம் நாட்டின் வெளிநாட்டு வணிகத்தில் எடைக் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேலே கடல் வழியாகத்தான் போகிறது, வருகிறது. நம் கடற்படை 2008 அக்டோபரிலிருந்து ஏடன் வளைகுடாவில் வணிகக் கப்பல்களுக்குத் துணையாகப் போகிறது. கப்பல் போச்சு, வந்துச்சு, ஒண்ணும் நடக்கலை. ஒண்ணும் நடக்கலைங்கிறதுதான் ஐயா அந்த வெற்றி! அதற்குச் சிலை கிடையாது, தூண் கிடையாது. அதனால்தான் வரலாறு எழுதுகிறவன் அதைத் தேடிப் போய் எழுத வேண்டும். அவன் எழுதாவிட்டால் அடுத்த தலைமுறை அதிகாரி படிக்க மாட்டான். படிக்காவிட்டால் அடுத்த 1917இல் தப்பான கணக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அன்றைக்கு ஒரு ஹெண்டர்சன் கிடைப்பானா என்று யாருக்குத் தெரியும்?

ஆகவே நடுவர் அவர்களே! மூழ்கடித்த கப்பலை எண்ணுவது எதிரணி. வந்து சேர்ந்த கப்பலை எண்ணுவது எங்கள் அணி. ஜெல்லிகோவே கடைசியில் எங்கள் கணக்கைப் பார்த்துத்தான் கவலைப்பட்டார். நீங்களும் அந்தக் கணக்கைப் பார்த்து, கடல் வரலாறு சொல்லும் முதல் பாடம் வணிகப் பாதையைக் காப்பதே என்று நல்ல தீர்ப்புத் தர வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)